வீட்டுப் பதிவில் ஏறி இறங்கும் குரல்

அன்புள்ள சார்,

படுக்கையறையில் ஒரு யுஎஸ்பி மைக் வைத்துக் கீர்த்தனைகள் பாடிப் பதிவு செய்கிறேன். பல்லவி கீழே போகும் இடங்களில் சாகித்தியமே கேட்பதில்லை. அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் ஒலி உடைகிறது. கம்ப்ரஸர் போட்டுப் பார்த்தேன். குரல் சமமானது, ஆனால் மூச்சு வாங்குவதும் ஃபேன் ஓடுவதும் பாட்டுக்கு இணையாகக் கேட்கிறது. என்ன செட்டிங் வைக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

செட்டிங்கைக் கடைசியில் சொல்கிறேன். கம்ப்ரஸரே கடைசியில் வர வேண்டியதுதான். அது உரத்த இடங்களை அமுக்கும்; அமுக்கிய பிறகு மொத்தத்தையும் நாம் தூக்கி வைப்போம். 10 டெசிபல் அமுக்கி 10 டெசிபல் தூக்கினால், அமுக்கப்படாத மூச்சும் ஃபேனும் அந்தப் பத்தும் ஏறி வரும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

முதலில் உடைவதை நிறுத்துங்கள், ஏனென்றால் உடைந்த ஒலியைப் பிறகு முழுதாக மீட்க முடியாது. பாட்டிலேயே உரத்த வரியை முழுக்குரலில் பாடி, மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கெயினை, அதாவது மைக் ஒலியை வாங்கும் அளவைக் குறையுங்கள். கீழ் ஸ்தாயி மெலிதாகப் பதிவாகிறதே என்று பயப்பட வேண்டாம். உங்கள் மைக்கில், மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பதியும் 24 பிட் வசதி இருந்தால் அதிலேயே பதியுங்கள், பின்னால் தாராளமாக ஏற்றலாம்.

அப்புறம், தூரம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். 10 சென்டிமீட்டரில் உட்கார்ந்திருப்பவர் தாளம் போடும் வேகத்தில் 5 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தாலே அந்த 6 டெசிபல் வந்துவிடும். 20 சென்டிமீட்டரில், அதாவது ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால், அதே சாய்வுக்கு இரண்டரை டெசிபல்தான். மேல் ஷட்ஜம் வரும்போது நாலு விரல் அளவு பின்னால் போனால் போதும். மேடையில் பாடுகிறவர்களைக் கவனித்தால் தெரியும், பழகிய உடம்பு அதைத் தானாகச் செய்யும். ஹெட்ஃபோனில் தம்பூராவை அதிகமாக வைக்காதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காதபோது யாருமே கத்தத்தான் செய்வார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏற்ற இறக்கம் மிச்சமிருக்கும். அதைக் கையால் சரிசெய்யுங்கள். ரீப்பர், ஆடாசிட்டி ஆகிய பதிவு மென்பொருள்களில், ஒலியளவை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்க என்வலப் என்ற வசதி இருக்கிறது. வரி வரியாகக் கேட்டு, சொல் புரியாத இடத்தை மட்டும் மூன்று, நான்கு டெசிபல் ஏற்றுங்கள். நடுவில் வரும் மூச்சை ஏற்றாமல் விடுங்கள். பொறுமை தேவைப்படும் வேலை. ஆனால் எந்த மூச்சு பாட்டைச் சேர்ந்தது, எது வெறும் இரைச்சல் என்று உங்கள் காதுக்குத் தெரியும், கம்ப்ரஸருக்குத் தெரியாது. இங்கே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: எல்லா வரியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். மந்திர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி, கொஞ்சம் அடங்கித்தான் ஒலிக்க வேண்டும். அங்கிருந்து குரல் மேலே ஏறுவதைக் கேட்கத்தானே காத்திருக்கிறோம்? சாகித்தியம் தெளிவாகக் கேட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள், திரையில் அலை சின்னதாகத் தெரிந்தாலும் சரி.

சரி, இப்போது கம்ப்ரஸர். விகிதம் மூன்றுக்கு ஒன்று, அதாவது வரம்பைத் தாண்டும் மூன்று டெசிபல் ஒன்றாகக் குறையும். அட்டாக் (அமுக்கப் பிடிக்கும் நேரம்) 10 முதல் 20 மில்லி செகண்ட், ரிலீஸ் (அமுக்கியதை விடும் நேரம்) 100 முதல் 150 வரை வைத்துத் தொடங்குங்கள். உரத்த இடங்களில் மட்டும் மூன்று, நான்கு டெசிபல் குறையும்படி த்ரெஷோல்டை, அதாவது அமுக்கத் தொடங்கும் வரம்பை வையுங்கள். போதவில்லை என்று தோன்றினால், இதையே இன்னும் அழுத்துவதைவிட இன்னொரு கம்ப்ரஸரை அடுத்துப் போட்டு அதிலும் கொஞ்சம் குறைப்பது நல்லது. 1960களில் வந்த 1176, எல்ஏ-2ஏ என்ற இரண்டு கம்ப்ரஸர்களையும் ஸ்டூடியோக்களில் இப்படித்தான் குரலுக்கு ஜோடி சேர்க்கிறார்கள்.

ஃபேனைப் பாடும் நேரத்துக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள். வெயில் காலத்தில் கஷ்டம்தான், பல்லவி ஒரு தடவை, அனுபல்லவி ஒரு தடவை என்று பிரித்துப் பதியலாம். அடுத்த முறை கம்ப்ரஸர் போடாத பதிவை அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.