ஷில்லாங்கும் கேரட் பாட்டியும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் ஷில்லாங் போகலாம் என்றிருக்கிறேன். தோளில் ஒரு பை, ஐந்து நாள், ரயில் டிக்கெட் போகக் கையில் ஏழாயிரம் ரூபாய். போதுமா? எங்கே தங்கலாம், என்னென்ன பார்க்கலாம், ஸ்கூட்டர் எடுக்கலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா? போன வருடம் ஊட்டியை மிகக் குறைந்த செலவில் சுற்றினேன். ரோட்டோரம் கேரட் விற்ற பாட்டியிடம்கூடப் பாதி விலைக்குப் பேசி வாங்கினேன். ஷில்லாங்கில் பேரம் எடுபடுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பணம் போதும். கோவையில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறினால் கவுகாத்தியில் இறங்கலாம். அங்கிருந்து ஷேர் சுமோவில் சுமார் நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நாகாலாந்து, மிசோரம் போல மேகாலயாவுக்குப் பர்மிட் எடுக்க வேண்டியதில்லை. ஷில்லாங்கின் நடுவிலுள்ள போலீஸ் பஜாரைச் சுற்றி டார்மிட்டரியும் சின்ன லாட்ஜும் உண்டு, சைவச் சாப்பாடும் உண்டு. ஸ்கூட்டர் வேண்டாம். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கிறது, அதை நான் வேறு எழுதவேண்டுமா என்ன?

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்தக் கேரட் பாட்டிக்காக.

'இத்தனை ரூபாயில் இந்த ஊரை முடித்தேன்' என்று இளைஞர்கள் போடும் வீடியோக்களைக் கொஞ்ச நாளாகப் பார்த்து வருகிறேன். பாதிக்குமேல் பிடிக்கிறது. அன்ரிசர்வ்டில் ஏறி, கிடைத்ததைத் தின்று ஊர் பார்க்கிற பையன்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் ஏதோ ஓர் இடத்தில் ஒரு கிழவியோ ஒரு டீக்கடைக்காரரோ விலை குறைத்துக் கொடுப்பார், பையன் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். அங்கே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதே கோபம் வந்தது.

ஷில்லாங்கில் படா பஜார் என்று ஒரு பெரிய சந்தை. சரிவில் இறங்கிக்கொண்டே போகும் குறுகலான சந்துகள். மூங்கில் கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சுமைக்காரர்கள் குனிந்தபடி ஏறுவார்கள், நாம்தான் ஒதுங்கவேண்டும். கடைகளில் பெரும்பாலும் காசி (Khasi) எனும் மேகாலயப் பழங்குடிப் பெண்கள். பாக்கு, வெற்றிலை, ஆரஞ்சு, பிரிஞ்சி இலை, நம் வீட்டில் தரை பெருக்கும் பூந்துடைப்பத்தின் புல் எல்லாம் அந்த மலைச்சரிவுகளில் விளைவதுதான். வங்கதேச எல்லைப் பக்கத்துக் கிராமங்களில் பாக்குமரமும் ஆரஞ்சும் செங்குத்தான சரிவில் நிற்கின்றன. பறித்ததைப் படியேறிச் சாலைக்குக் கொண்டுவந்து, சுமோவுக்குக் காசு கொடுத்து ஏற்றி, அப்புறம்தான் சந்தை. நீங்கள் குறைக்கச் சொல்லும் பத்து ரூபாய் இந்த வழியில் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? சுமோக்காரர் குறைக்கமாட்டார். அந்தப் பெண்ணின் கூலியிலிருந்துதான் வரும்.

அந்தச் சந்தையில் ஜாதோ கடை ஒன்றில் சாப்பிட்டிருக்கிறேன். ஜாதோ என்பது பன்றிக்கறியோடு வெந்த சோறு. நாலே பெஞ்சு, முழங்கை இடிக்கும். பக்கத்தில் ஒரு சுமைக்காரர், கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்திருந்தார். கடைக்கார அம்மாவை எல்லோரும் கோங் என்று கூப்பிட்டார்கள், நம் அக்கா மாதிரி. சாப்பிட்டு முடித்து சுமைக்காரர் காசு கொடுத்தார், நான் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே விலை. என் சட்டையையும் கேமராவையும் பார்த்து அந்தக் கோங் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. இப்படி நடத்துகிறவரிடம் போய் நாம் குறைக்கச் சொல்வதா?

தம்பி, மலிவாக ஊர் சுற்ற முடிவதே இவர்களால்தான். ஷேர் டாக்ஸி உங்களுக்காக ஓடவில்லை. கறுப்பு மஞ்சள் சின்னக் கார் மெதுவாக வரும், ஜன்னலில் குனிந்து ஊர்ப்பெயரைச் சொன்னால் டிரைவர் தலையாட்டுவார், மற்றவர்களோடு நெருக்கி உட்காரவேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளையும் ஆபீஸ் குமாஸ்தாவும் தங்கள் சம்பளத்துக்குள் வாழ ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது. அதில் உங்களுக்கும் ஓர் இடம் தருகிறார்கள். அவர்கள் கொடுக்கிற விலையை நீங்களும் கொடுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் சிக்கனம் என்று பெயர் சொல்லாதீர்கள், இல்லாதவரிடம் பிடுங்குவது அது. லாட்ஜ்காரரிடம் வேண்டுமானால் தாராளமாகப் பேசுங்கள், அவர் சொல்லும் வாடகையிலேயே அதற்கு இடம் வைத்திருப்பார். அடுத்த முறை ஊட்டி போனால் அந்தப் பாட்டி இருந்த இடத்துக்குப் போய், கேட்ட விலைக்கே இரண்டு கிலோ வாங்குங்கள்.

திட்டிவிட்டேன். போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் வயதில், உங்கள் காசில் போவதுதான் நல்லது.

டிசம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும், அதனால் விடிந்ததும் கிளம்புங்கள். சோராவுக்கு, அதாவது சிரபுஞ்சிக்கு, ஷேர் சுமோ ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். அருவிகளில் அப்போது தண்ணீர் குறைவு, ஒரு நாள் போதும். ஷில்லாங்கின் மாவ்லாய் பகுதியில் டான் பாஸ்கோ மியூசியம் இருக்கிறது, ஏழு மாடி, அரை நாளாவது ஒதுக்குங்கள். 1897 நிலநடுக்கத்தில் ஷில்லாங் தரைமட்டமானது. அதற்குப் பிறகு வந்த தகரக்கூரை வீடுகள் இன்னும் சில தெருக்களில் நிற்கின்றன, நடந்தால்தான் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.