ஒரு பக்கம் சில்லுனு, ஒரு பக்கம் அனல்: கார் ஏசி கேள்வி பதில்

ராயபுரத்தில் பட்டறை போட்டு 27 வருஷம் ஆகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன: காருக்குள் ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் சூடு. அதனால் அவற்றை மட்டும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் கணவரோடு காரில் போய் வருகிறேன். முன் சீட்டில் நான் உட்காரும் இடப்பக்கம் மட்டும் எப்போதும் வெக்கை. அவர் பக்கம் சில்லென்று இருக்கிறது. “உனக்குத்தான் அப்படித் தோணுது” என்கிறார். ஒரு பட்டறையில் காட்டினோம். டேஷ்போர்டையே இறக்க வேண்டும், 18 ஆயிரம் ஆகும் என்றார்கள். செய்யலாமா?
*வாசகி, திருவொற்றியூர்*

வேண்டாம் அம்மா, இப்போதைக்கு யாரையும் டேஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள்.

முதலில் உங்கள் வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் தெற்கே போகிறீர்கள். கடல் உங்கள் இடக்கைப் பக்கம், சூரியனும் அங்கேதான். மாலையில் வடக்கே திரும்புகிறீர்கள். இப்போது மேற்கு வெயில் இடப்பக்கம் விழுகிறது. போகும்போதும் வரும்போதும் வெயில் வாங்குவது உங்கள் கதவுதான். உங்கள் கணவர் இரண்டு நேரமும் நிழலில் உட்கார்ந்து ஓட்டுகிறார், அவருக்கு எப்படித் தெரியும்? மணலி, எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கமிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போய் வரும் குடும்பங்கள் நிறையப் பேர் இதே குறையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அதில் சிலர் காரில் ஒரு பழுதும் இருக்காது.

அதனால் சோதனையை இரவில் செய்யுங்கள். வண்டியை ஒரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், கண்ணாடி எல்லாம் ஏற்றி, உள்காற்றே சுற்றும்படி வைத்து, ப்ளோயரை நடுவில் விடுங்கள். ஒரு கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரை இரண்டு பக்க வென்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது, அது 32 டிகிரிக்குக் கீழே காட்டாது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஆறு ஏழு என்று போனால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது உங்கள் கணவரிடம் அந்த எண்ணைக் காட்டுங்கள்.

வித்தியாசம் இருந்தால் அடுத்த வேலைக்கும் ஸ்பானர் தேவையில்லை. வெப்பநிலைத் திருகை முழுக் குளிரில் வைத்து இரண்டு வென்ட்டிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். பிறகு முழுச் சூட்டுக்குத் திருப்பி, சில நிமிஷம் விட்டு, மறுபடி காட்டுங்கள். நான் பையன்களுக்குச் சொல்லித்தருவது இதைத்தான். குளிரில் மட்டும் இரண்டு பக்கமும் வேறுபட்டு, சூட்டில் சமமாக வந்தால் கேஸ், அதாவது ஏசிக்குள் சுற்றிக் குளிர் தரும் பொருள், அந்தப் பக்கம் பாருங்கள். குளிரில் சமமாக இருந்து, சூட்டில் மட்டும் வேறுபட்டால் ஹீட்டர் பக்கம் பாருங்கள். திருகை எங்கே திருப்பினாலும் ஒரு பக்கம் மாறவே இல்லை என்றால், அந்தப் பக்கத்துக் காற்றைக் கலந்து விடும் ஃபிளாப் அசையவில்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் திருகு உள்ள காரில்தான் இந்த மூன்றாவது வரும், ஏனென்றால் அதில் ஃபிளாப்பும் அதை ஆட்டும் மோட்டாரும் பக்கத்துக்கு ஒன்று.

உங்கள் கார் சின்ன கார், ஒரே திருகு என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் கேஸ் குறைவின் மேல்தான். கேஸ் கொஞ்சம் குறைந்தால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் குளிர் குறையும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. கூலிங் காயிலுக்குள் கேஸ் திரவமாக ஒரு முனையில் நுழைகிறது. குழாய் குழாயாகக் கொதித்து ஆவியாகும்போதுதான் குளிர் தருகிறது. குறைவாக இருந்தால் முதல் சில குழாய்களிலேயே எல்லாம் ஆவியாகித் தீர்ந்துவிடும். மீதிக் குழாய்களில் வெறும் ஆவி ஓடும், அதில் குளிர் கிடையாது. மெட்ரோ வாட்டர் பிரஷர் இல்லாத நாளில் தெருமுனை வீட்டுக்கு வந்து, தெருக்கோடி வீட்டுக்குக் குழாயில் காற்று மட்டும் வருமே, அதே கதைதான். காயிலின் அந்தக் கோடியிலிருந்து காற்று வாங்கும் வென்ட் சுடும்.

“கேஸ் அடிச்சு விடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே கசிந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். நம்ம ஏரியாவில் முதல் குற்றவாளி கண்டென்சர், அதாவது காரின் முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியே விடும் காயில். கடல் உப்பும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் அலுமினியத் தகடுகளை மாவாக்கிவிடும். காசிமேடு வார்ஃபில் நிறுத்தும் வண்டிகளின் கண்டென்சரை விரலால் தடவினால் தகடு உதிர்வதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய பிறகு, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கண்டென்சரைக் கழுவுங்கள். கசிவை அடைத்த பிறகு கேஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். கேஜ் முள்ளை மட்டும் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. அதிகமானாலும் குளிர் போகும், கம்ப்ரசரும் போகும்.

டிசம்பரில் குடும்பத்தோடு ஊட்டி போனோம். ஹீட்டர் போட்டால் இடப்பக்கம் நல்ல சூடு, ஓட்டுகிற எனக்குப் பச்சைத் தண்ணி மாதிரி காற்று. இரண்டு பக்கமும் தனித் திருகு உள்ள கார். இங்கே ஏசி இரண்டு பக்கமும் அருமையாகக் குளிர்கிறது. சென்னையில் ஹீட்டர் எதற்கு, விட்டுவிடலாமா?
*வாசகர், வியாசர்பாடி*

விடாதீர்கள் சார். மேலே சொன்ன கணக்குப்படி இது ஹீட்டர் பக்கத்துப் பழுதாகவோ, உங்கள் பக்கத்து ஃபிளாப் குளிரிலேயே மாட்டிக்கொண்டதாகவோ இருக்கலாம். ஹீட்டர் என்றால், உங்கள் இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரிலேயே (கூலன்ட்) ஏதோ சரியில்லை என்று கார் சொல்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உங்களுக்கு அது தெரிந்தது. இங்கேயே இருந்திருந்தால் இன்ஜின் கொதிக்கும் வரை தெரிந்திருக்காது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையகல ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. அதுதான் ஹீட்டர் காயில். இன்ஜினில் சுட்ட கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய் இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பும். காயிலில் பாதி அடைத்துக்கொண்டால், அந்தப் பாதி வழியே போகும் காற்று சூடேறாது. கூலன்ட் குறைந்து மேலே காற்று நின்றாலும் இதேதான் நடக்கும்.

அதனால் காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. அந்த மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் தளர்த்திய கணம் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். என் முன்கையில் இருக்கும் தழும்பு நான் தொழில் கற்ற முதல் வருஷம் வாங்கியது. மறுபடியும் சொல்கிறேன், ஆறட்டும்.

அளவு சரியாக இருந்தால் இன்ஜினைச் சுடவிட்டு, ஹீட்டரை முழுதாக வைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவருக்குள் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் துணியோ துப்பட்டாவோ போகக்கூடாது, கவனம். இரண்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, பழுது ஃபிளாப்பில். ஒன்று சுட்டு இன்னொன்று வெதுவெதுப்பாக இருந்தால் காயில் அடைத்திருக்கிறது. உங்களுக்கு இந்த இரண்டாவதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

ஏன் அடைக்கிறது? நாம் ஊற்றுகிற தண்ணீர். ரேடியேட்டரில் குறைந்தால் போரிங் தண்ணீரை ஒரு குடம் ஊற்றிவிட்டு நிம்மதியாகப் போகிறோம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. நம் தெருக்களிலும் போரிங் தண்ணீர் வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அந்தப் படலம் ஹீட்டர் காயிலின் மெல்லிய குழாய்க்குள் படிந்தால் என்ன ஆகும்? மீஞ்சூர்க் கால் டாக்ஸி ஒன்றின் பழைய காயிலை ஒருமுறை அறுத்துப் பார்த்தேன். கெட்டியான புளிக்கரைசல் மாதிரி பழுப்புச் சேறு. அந்த டிரைவர் தம்பி அதைப் பார்த்துவிட்டுப் பேசவே இல்லை. பாவம், வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தவர். தண்ணீரும் அன்போடுதான் ஊற்றியிருக்கிறார்.

சரி செய்ய உடனே டேஷ்போர்டை இறக்க வேண்டாம். இரண்டு ஹோஸையும் இன்ஜின் பக்கத்தில் கழற்றி, வெளியே வரும் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டு, எதிர்த்திசையில் அலச வேண்டும். மெதுவான ஓட்டம் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்து அடித்தால் காயில் பிளந்துவிடும், பிறகு நிஜமாகவே டேஷ்போர்டை இறக்க வேண்டியதுதான். அழுக்கு நிற்கும்வரை அலசி, கடைசியில் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பும்போது ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும், வண்டியின் மூக்கு கொஞ்சம் மேடாக நிற்கட்டும், உள்ளே நிற்கும் காற்று வெளியேறும். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்து, புகையும் வெள்ளையாகப் போனால் இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும், அது வேறு வேலை.

எங்கள் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கித் தருகிறார்கள். நல்ல தண்ணீர்தானே, ரேடியேட்டரில் ஊற்றலாமா?
*வாசகர், மணலி*

கூடாது தம்பி. காட்டுப்பள்ளி ஆலை 2010இல் திறந்தபோது நம் பக்கத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. குடிக்க நல்ல தண்ணீர். ஆனால் குடிக்கிற எந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும், அலுமினியத்துக்கு அந்தக் கொஞ்சமே கெடுதல். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி டிக்கியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி மாற்றிய நாளிலிருந்து டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம். டிரைவர் பக்கம் எப்போதும் சூடு.
*வாசகர், கொருக்குப்பேட்டை*

ஃபிளாப்பை ஆட்டும் மோட்டார் தன் இடத்தை மறந்திருக்கலாம், அல்லது அதன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கலாம். பல கார்களில் ஏசி ஃபியூஸை எடுத்து ஒரு நிமிஷம் கழித்துப் போட்டு, சாவியைத் திருப்பி, எந்தத் திருகையும் தொடாமல் இரண்டு நிமிஷம் விட்டால், மோட்டார் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடித் தன் இடத்தைக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகும் டிக் டிக் வந்தால் பல் போய்விட்டது, மோட்டாரை மாற்றுங்கள். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே கை எட்டும் இடத்தில்தான் ஒரு மோட்டாராவது இருக்கும்.

ஆட்டோமேட்டிக் ஏசி. 24 வைத்தால் பகலில் புழுங்குகிறது, இரவில் நடுங்குகிறது. ஸ்கேனரில் பழுது ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
*வாசகி, பெரம்பூர்*

டேஷ்போர்டின் மேலே, கண்ணாடியை ஒட்டி, பொத்தான் அளவுக்குக் கருப்பாக ஒரு குமிழ் இருக்கிறதா பாருங்கள். அது வெயிலை அளக்கும் சென்சார். நம் வீட்டுக் கார்களில் அதன் மேல்தான் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார், சுற்றிப் பூச்சரமும் இருக்கும். சென்சார் இருட்டில் கிடந்தால் வெளியே வெயிலே இல்லை என்று ஏசி குளிரைக் குறைத்துவிடும். பிள்ளையாரை ஒரு சாண் நகர்த்தி வையுங்கள். டேஷ்போர்டுக்கு வெல்வெட் துணி போட்டிருந்தால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள்.

இரவுக் குளிருக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஸ்டியரிங் பக்கத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும். உள்காற்றை இழுத்து அளக்கும் சென்சார் அதற்குப் பின்னால்தான். ஏசி ஓடும்போது துண்டு டிஷ்யூ பேப்பரை அதில் வைத்தால் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் தூசி அடைத்திருக்கிறது, மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

“மெட்ராஸ் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்” என்று என் மெக்கானிக் கழற்றிவிட்டார். இப்போது ஹீட்டரில் சூடே வரவில்லை, மைலேஜும் குறைகிறது.
*வாசகர், எருக்கஞ்சேரி*

திரும்பப் போடச் சொல்லுங்கள், இன்றைக்கே. தெர்மோஸ்டாட் பெரும்பாலான கார்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் இன்ஜினைச் சீக்கிரம் சூடேற்றும். அது இல்லாவிட்டால் இன்ஜின் எந்நேரமும் பாதிச் சூட்டில் ஓடும், பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலும் கெடும். எங்கள் தொழிலில் பலருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் தவறு. வண்டி கொதித்தால் காரணம் ஃபேனிலோ, பம்ப்பிலோ, அடைத்த ரேடியேட்டரிலோ இருக்கும், அல்லது திறக்காமல் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டில் இருக்கும். மாட்டிக்கொண்டதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட வேண்டும்.

மழைக் காலத்தில் உள்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், இனிப்பு வாசனை. இடப்பக்கக் கால்மிதி ஈரமாக இருக்கிறது. ஏசித் தண்ணீர் என்று விட்டுவிட்டேன்.
*வாசகர், தண்டையார்பேட்டை*

ஏசித் தண்ணீருக்கு வாசனையும் பிசுபிசுப்பும் கிடையாது. விரலால் தொட்டுப் பாருங்கள், வழுவழுவென்று பச்சையோ சிவப்போ நிறம் தெரிந்தால் ஹீட்டர் காயில் ஓட்டை, அது கூலன்ட். உங்களுக்கு மட்டும் டேஷ்போர்டை இறக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. வேலை நடக்கும்வரை அளவைத் தினமும் காலையில் பாருங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் ருசி இனிப்பு, அதனால் நாய் பூனை நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். அந்தக் கால்மிதியை இன்றே எடுத்து, குழந்தைகள் விளையாடாத இடத்தில் வைத்துக் கழுவுங்கள்.