ஸ்டோன் டவுன் நடையும் அம்மாவின் முழங்காலும்

தான்சானியாவின் சான்சிபார் தீவில் அரை நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி, அங்குள்ள பழைய நகரமான ஸ்டோன் டவுனை வழிகாட்டியோடு நடந்து பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும், அழைத்துப் போங்கள்.

ஊர் பெரும்பாலும் சமதளம். பல பழைய வீடுகளின் வாசலை ஒட்டி 'பராசா' எனும் கல் திண்ணை இருக்கும். அம்மா கால் வலித்தால் அதில் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்தபடி எதிர்வீட்டுக் கதவைப் பாருங்கள். கனமான மரம், வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். மேற்சட்டம் நேராக இருந்தால் ஓமானி அரபு பாணி, வளைவாக இருந்தால் இந்தியப் பாணி. எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது இந்தக் கதவுகள்தான்.

காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் தொடங்கச் சொல்லுங்கள். 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் கட்டியது அது. வளாகத்தில் பள்ளத்துக்குள் கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் சிலைகளை அவசரமில்லாமல் பாருங்கள். நிலத்தடி அறைகளுக்குப் படி இறங்கிக் குனிய வேண்டும், அம்மா மேலேயே இருக்கட்டும். அங்கிருந்து தராஜானி சந்தை, பழைய கோட்டை வழியாக ஃபொரோதானி கடற்கரைப் பூங்காவில் முடித்தால் சரியாக இருக்கும். 'அதிசய மாளிகை' (House of Wonders) எனும் பழைய அரண்மனையின் ஒரு பகுதி 2020இல் இடிந்துவிட்டது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வழிகாட்டியிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும்.