தரையும் ஆடுகிறது, வீடும் பிடிக்கவில்லை

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் துருக்கிக்குப் போய், ஃபெத்தியேவில் ஒரு மரப் பாய்க்கப்பலை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் கடலில் சுற்றினோம். கேப்டன், சமையல்காரர், உதவியாள் எல்லாம் அதிலேயே உண்டு. அப்படியொரு நிம்மதி! ஊர் திரும்பி இரண்டு நாளாகிறது. குளிக்க நின்றால் தரை ஆடுகிறது. மனைவி ‘காய் வாங்கி வாருங்கள்’ என்றாலே எரிச்சல் வருகிறது. கடலில் கிடைத்த அமைதியை வீட்டிலும் தக்கவைத்துக்கொள்ள வழி உண்டா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தரை ஆடுவதற்காகக் கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் அலையோடு ஆடிய மூளை, அதுதான் இயல்பு என்று பழகிவிட்டது. கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் உடனே விடவில்லை. கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது இன்னும் கூடுதலாகத் தெரியும். கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு அறை அசைவதுபோல் தோன்றுவதைச் சார்லஸ் டார்வினின் தாத்தாவான மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் ஆடினால் மருத்துவரைப் பாருங்கள். காரில் போகும்போது ஆட்டம் அடங்கி, இறங்கியதும் மறுபடி தொடங்கினால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அது நல்ல துப்பு.

எரிச்சலுக்குத்தான் மருத்துவரிடம் மருந்தில்லை. அமைதியைக் கடல் கொடுத்தது என்கிறீர்கள். அந்தக் கரையோரம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வழக்கத்துக்கு வித்திட்டவர் ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர். எழுதிய கட்டுரைக்குத் தண்டனையாக 1925இல் போத்ரும் என்ற கடலோர ஊருக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய கூட்டம் பிற்பாடு போனது கடற்பஞ்சு எடுப்பவர்களின் படகில். சாப்பாடு காய்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும். கடல்தான் அமைதி தந்தது என்று அவர்கள் சொன்னால் நம்பலாம்.

உங்கள் கதை வேறு. காலையில் கண் விழித்தால் பின்தளத்து மேசையில் ஆலிவ், வெள்ளரி, தக்காளி, தேநீர். மாலையில் குடாவுக்குள் நங்கூரம் போட்டதும், உதவியாள் கயிற்றோடு தண்ணீரில் குதித்துக் கரைக்கு நீந்திப் போய்ப் பைன் மரத்தில் கட்டிவிட்டு வருவார். நீங்கள் மெத்தையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கீழே அடுப்படியில் சமையல்காரர் வெந்துகொண்டிருப்பார். பாய்க்கப்பல் என்கிறீர்களே, பாயை எத்தனை தடவை விரித்தார்கள்? இந்த வகைக் கப்பல்கள் பெரும்பாலும் ஓடுவது டீசல் என்ஜினில்தான்.

இன்றைக்கு என்ன குழம்பு, கேஸ் எப்போது தீரும், தண்ணீர் வந்ததா என்ற கேள்வியெல்லாம் ஒரு வாரம் உங்கள் காதில் விழவில்லை. உங்களுக்குப் பதிலாக மூன்று பேர் சம்பளத்துக்கு அதைச் சுமந்தார்கள். கோயம்புத்தூரில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் ஒருவர் சுமக்கிறார். நீங்கள் நீந்திக்கொண்டிருந்த வாரத்திலும் அவருக்கு விடுமுறை இல்லை. அவர் கேட்டது காய்தானே?

உங்கள் கேள்விக்கு வழி உண்டு. அங்கே சீசன் மே முதல் அக்டோபர் வரை. மனைவிக்கும் அவருடைய தோழிகளுக்கும் அதே கப்பலைப் பேசிவிடுங்கள். அந்த ஒரு வாரம் வீட்டுப் பொறுப்பு உங்களுடையது. அமைதி எப்படி இருந்தது என்று அதற்குப் பிறகு எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.