கெராங்கை ஊறவைத்தால் ஈயம் போய்விடுமா?

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கெராங் (சேற்றில் வாழும் ரத்த மட்டி) என்றால் உயிர். அதில் ஈயமும் காட்மியமும் ஏறியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஓர் அறிக்கையைக் காட்டிப் பயமுறுத்துகிறார். மாமியாரோ, உப்புத் தண்ணீரில் நாலு சிலி பாடியை (குட்டிக் கார மிளகாய்) இடித்துப் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தால் எல்லாவற்றையும் கக்கிவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? அந்தச் சிவப்புச் சாறுதான் விஷமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சிவப்புச் சாறு விஷமில்லை, கெராங்கின் ரத்தம். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான் அதிலும் இருக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. பினாங்கு மாநிலத்தின் பிறை ஊர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் 22 வருடம் மட்டியும் சிப்பியும் உடைத்தவள் நான். நாங்களும் ஊறவைப்போம், சிலி இல்லாமல். சுத்தமான கடல் தண்ணீரில் ஒரு நாள் போட்டால் குடலில் இருக்கும் சேறு வெளியேறிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் அதைச் செய்யாமல் சதையை உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, உலோகம் அளக்கும் கருவியில் கொடுத்துவிட்டேன். ஈயம் எகிறி நின்றது. மேலதிகாரி எண்களைப் பார்த்துவிட்டு, "நீ அளந்தது சேற்றை" என்றார். அந்த வாரத்து வேலை முழுக்கக் குப்பைக்குப் போனது.

ஆனால் சதைக்குள் போன உலோகம் வேறு கதை. தண்ணீரிலிருந்தும் தின்னும் பாசியிலிருந்தும் உள்ளே வருகிற காட்மியத்தை அங்கிருக்கும் ஒருவகைப் புரதம் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ஒரு ராத்திரியில் இறங்காது. சுத்தமான கடலில் விட்டாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வேகவைத்தாலும் அப்படியேதான் இருக்கும். அதற்காக வேகவைக்காமல் இருந்துவிடாதீர்கள். 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது. சார் குவே தியாவ் (கெராங் போட்டு வறுக்கும் அரிசி நூடுல்ஸ்) கடையில் நான் எப்போதும் "கெராங் மாசாக் லாமா சிக்கிட்", கெராங்கைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேகவையுங்கள், என்பேன். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய அறிக்கையில் எண் உலர் எடைக்கா, ஈர எடைக்கா என்று பாருங்கள். மட்டிச் சதையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். உலர் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் காட்மியம் என்றால், நாம் தின்னும் ஈரச் சதையில் அது 0.8தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, ஈர எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம். பலர் பயப்படுவது இந்த இடத்தில் குழம்பித்தான். இருந்தாலும் சாக்கடை வாய்க்காலும் ஆலைக் கழிவும் கடலில் சேருகிற இடத்தில் நீங்களே பொறுக்கி எடுத்த மட்டி மட்டும் வேண்டாம்.

கேள்வி: மாசு அளக்கக் கடல் தண்ணீரையே சோதிக்கலாமே, சிப்பி எதற்கு?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: ராத்திரி திறந்துவிட்ட கழிவு காலையில் நீங்கள் புட்டியோடு போவதற்குள் அலையோடு போயிருக்கும். சிப்பி எங்கும் போகாது. பச்சைச் சிப்பி, மலாய்க்காரர்கள் குப்பாங் என்பது, மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு, வளர்க்கக் கட்டிய அதே கயிற்றில் தொங்கும். மாதக்கணக்கில் அங்கே வந்துபோனதெல்லாம் அதன் சதையில் பதிந்திருக்கும். தண்ணீரில் கருவிக்கே எட்டாத அளவு சன்னமாக இருப்பதும் சதையில் திரண்டிருப்பதால் அளக்க லேசு. 1975இல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உலகம் முழுக்கச் சிப்பிகளை இப்படிக் காவல் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். அமெரிக்கா 1986 முதல் தன் கடற்கரைகளில் அதைச் செய்துவருகிறது.

எல்லா உலோகத்துக்கும் இதை நம்ப முடியாது. துத்தநாகத்தைக் குப்பாங் ஓரளவு தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், அதனால் கடலில் கூடினாலும் சதையில் அவ்வளவாகத் தெரியாது. அதற்குச் சிப்பி வகையில் ஆய்ஸ்டர்தான் சரி, அது வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். சேற்றைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கெராங்கைக் கேட்க வேண்டும். அப்புறம், இரண்டு இடங்களை ஒப்பிடும்போது ஒரே அளவுச் சிப்பியாக எடுக்க வேண்டும். அதற்காகவே அரைக்காலையை ஸ்கேலும் கையுமாகக் கழித்திருக்கிறேன்.