தேங்காய் சீனிவாசன் பற்றி ஒரு பெரம்பூர்க்காரரிடம் கேட்டவை

ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கம் பிறந்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, காமெடி நடிகர் தேங்காய் சீனிவாசனைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் என் தலையில் கட்டிவிடுகிறார்கள். சந்தோஷம்தான். கேளுங்கள்.

வியாசர்பாடி தம்பி: அண்ணே, நிஜமாவே தேங்காய் வித்தாரா?

மேடையில் வித்தார் தம்பி. பிறந்தது ஸ்ரீவைகுண்டம், ஆளானது மெட்ராஸ். அப்பா ராஜவேல் முதலியாரும் நாடகக்காரர். இவர் நம்ம ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். 'கல் மனம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரி வேஷம். அதைப் பார்த்த காமெடி நடிகர் கே.ஏ.தங்கவேலு, இனி இவர் 'தேங்காய்' சீனிவாசன் என்று சொல்லிவிட்டார். 'டணால்' என்று பட்டப்பேர் வாங்கினவர் இன்னொருத்தருக்கு வைத்த பட்டப்பேர்! 1965இல் 'ஒரு விரல்' மூலம் சினிமாவுக்கு வந்தபோது பேரும் கூடவே வந்தது.

ராயபுரம் தங்கச்சி: 'காசேதான் கடவுளடா' சாமியாரை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அப்படி என்ன இருக்கு அதுல?

1972, ஏவி.எம். படம், இயக்கம் சித்ராலயா கோபு. மனோரமா பூட்டி வைத்திருக்கும் பணத்தைக் கிளப்ப, போலிச் சாமியாரை வீட்டுக்குள் நுழைக்கிறார்கள். கதை அவ்வளவுதான். காவி, தாடி, ருத்திராட்சம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். வாயைத் திறந்தால் மெட்ராஸ் பாஷை. வேறொருவர் என்றால் 'பாத்தியா, நான் போலி' என்று நமக்குக் கண்ணடித்திருப்பார். தேங்காய் அதைச் செய்யவே மாட்டார். தன்னைச் சாமியார் என்று தானே நம்பிவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. ஒரு வார்த்தையை ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போவார், அடுத்த மூன்று வார்த்தையைக் கடகடவென்று கொட்டிவிடுவார். எழுதிப் பார்த்தால் அந்த வசனத்தில் ஜோக்கே இருக்காது. ஜோக் அந்த இழுவையில் இருக்கிறது. ரேடியோவில் கேட்டாலும் சிரிப்பு வரும்.

அயனாவரம் அன்பர்: மெட்ராஸ் பாஷையை சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தானே?

இல்லை. காமெடி நடிகர் சந்திரபாபு 1958லேயே 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்து வெளுத்துவிட்டார்.

ஓட்டேரி நண்பர்: 'தில்லு முல்லு' ரஜினி படம். இவரைத் தூக்கிப் பிடிப்பது ஓவர் இல்லையா?

சண்டைக்கு வராதீங்க. 1981இல் ரஜினி அதில் முழுநீள காமெடி பண்ணினார், அருமையாகவே பண்ணினார். ஆனால் ஏமாற்றுகிறவன் ஜெயிக்க, ஏமாறுகிறவர் மேல் நமக்குப் பிரியம் வரவேண்டும். மீசை இல்லாதவனை மனுஷனாகவே மதிக்காத அந்த முதலாளியாக வரும் தேங்காய், காமெடிப் படத்தில் இருப்பதே தெரியாத மாதிரி நடித்திருப்பார். இந்தி 'கோல்மால்' மூலத்தில் உத்பல் தத் செய்த வேடம்; நம்மவரிடம் அதன் சாயலைத் தேடினால் கிடைக்காது.

கொருக்குப்பேட்டை தம்பி: காமெடி மட்டும்தானா சார்?

'கலியுகக் கண்ணன்' (1974) அவரையே மையமாக வைத்த படம். 'பில்லா'வில் (1980), இந்தியில் பிரான் செய்த அந்தக் கால் ஊனமான அப்பா வேடம். கயிற்றில் நடக்கும் காட்சியில் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். 1987இல் சிவாஜியை வைத்து 'கிருஷ்ணன் வந்தான்' தயாரித்தார். அதே வருஷம் நவம்பர் 9, பெங்களூரில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐம்பதே வயசு.

அதே தம்பி: எதுல ஆரம்பிக்கட்டும்?

'தில்லு முல்லு'. அப்புறம் சாமியார். வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். வசனம் உனக்கு முன்னாடி அவங்க வாயில் வந்துவிடும், அதற்குக் கோபப்படாதே.