மாந்தோல் படிப்பு சோறு போடுமா?

“மாங்காத் தோலைப் படிச்சு என்ன சார் சம்பாதிக்கப் போறா?” என்று கேட்டீர்கள், ஐயா. மாந்தோல் சாற்றால் ஆலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற படிப்புக்குப் போக ஆசை என்று உங்கள் மகள் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. மகள் பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததால் அன்று அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். காவேரிப்பட்டணம் போய்ச் சேர்வதற்குள் உங்கள் மனது இன்னும் குழம்பியிருக்கும். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

வாழைக்காயை நறுக்கியதும் வீட்டில் தண்ணீரில் போடுகிறார்கள் அல்லவா? வெளியே வைத்தால் கறுத்துப்போகும். காயில் இருக்கிற நொதி, அதாவது என்சைம், காற்றோடு சேர்ந்து செய்கிற வேலை அது. முள்ளங்கி, உருளைக்கிழங்குத் தோல், மாந்தோல் இவற்றில் பெராக்சிடேஸ் என்று இன்னொரு நொதியும் உண்டு. பிசின், சாயம், நிலக்கரி சார்ந்த ஆலைகளின் கழிவுநீரில் ஃபீனால் என்கிற நச்சு வரும். ஆற்றில் விடும் நீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அந்த நீரில் இந்த நொதியையும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்தால், ஃபீனால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கரையாத கசடாக அடியில் படியும். வடிகட்டி எடுத்துவிடலாம். 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கிளிபனாவ் என்ற விஞ்ஞானியின் குழு குதிரைமுள்ளங்கி நொதியை வைத்து இதைச் செய்து காட்டியது. அந்த நொதி விலை அதிகம் என்பதால்தான் சோயா உமி, காய்கறித் தோல் என்று கழிவுகளின் பக்கம் ஆராய்ச்சி திரும்பியது.

சீசனில் நீங்கள் வேலை செய்கிற கூழ் ஃபேக்டரி வாசலில் தோலும் கொட்டையும் மலைபோலக் கிடக்கும். ஈ மொய்க்கிற அந்தக் குவியலில் உங்கள் மகள் ஒரு மருந்தைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முள்ளங்கிச் சாறு, மாந்தோல் சாறு, பக்கத்தில் நொதி வேலை செய்வதைக் காட்டுகிற செங்கல் நிறம் எத்தனை நொடியில் வந்தது என்று பென்சிலில் குறித்திருக்கிறாள். மூன்றாவது வரிசையில்தான் என் கண் நின்றது. அதே முள்ளங்கிச் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதையும் சோதித்து, ‘நிறம் வரவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். சூட்டில் நொதி செத்துவிடும். ஆக நிறத்துக்குக் காரணம் நொதிதான் என்று தானாகவே உறுதி செய்துகொண்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல் இப்படி யோசிக்கிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை, ஐயா.

ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நொதி எல்லா அழுக்கையும் எடுக்காது. உப்பைத் தொடாது. பெராக்சைடு கொஞ்சம் கூடிப்போனால் நொதியே கெட்டுவிடும். படிகிற கசடை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது தனிப் பாடு. ஆய்வகத்தில் ஜெயித்தது ஆலையில் ஓடுவதற்கு இன்னும் உழைப்பு கிடக்கிறது. ‘நொதி போட்டுத் தண்ணி சுத்தம் பண்ண ஆள் தேவை’ என்று விளம்பரம் வரும் என்று காத்திருக்காதீர்கள். கையில் வேறொரு தொழிலை வைத்துக்கொண்டுதான் இதற்குள் போக வேண்டும்.

அந்தத் தொழில் கெமிக்கல் இன்ஜினியரிங்காக இருக்கட்டும் என்பது என் எண்ணம். கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் அதுவும் இருக்கிறது, இன்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜியும் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். கடன் வாங்க வேண்டுமே என்று நீங்கள் பயந்த பயத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

கட்ஆஃப் எட்டவில்லை என்றால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். பயோடெக்னாலஜி என்ற பெயரில் மயங்க வேண்டாம். வேதியியல் படித்தவளை ஓசூரில் எந்த ஆலையின் ஆய்வகமும் வேலைக்குப் பார்க்கும். மேலே ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதில் வேதியியல் தாளும் உண்டு, உயிரித்தொழில்நுட்பத் தாளும் உண்டு.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுமுன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் என் பேச்சைக் கேட்டு ஒரு பையன் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். நிறமாலைமானி என்று ஒரு கருவி, நொதி வேலைக்குக் கண் மாதிரி. அங்கே அது மூன்று வருடமும் துணி போர்த்தியே கிடந்தது. நேரில் போய்ப் பார்க்காமல் நான் சொன்ன சொல் அது. இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

முதல் வேலை அநேகமாக ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஈ.டி.பி. கெமிஸ்டாக இருக்கும். காலையில் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது, நீரின் அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற பி.ஓ.டி. பார்க்க 27 டிகிரியில் 3 நாள் வைப்பது, ரசாயனத்தால் சிதைக்க எவ்வளவு வேண்டும் என்கிற சி.ஓ.டி. எழுதுவது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் கூழ் ஃபேக்டரி மாதிரி சீசன் முடிந்ததும் நிற்கிற வேலை இல்லை; ஆலை ஓடுகிற வரை அதன் கழிவைப் பார்க்க ஆள் வேண்டும். ஓசூர் பக்கம் தென்பெண்ணையாற்றில் இருக்கிற கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி ஓடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தென்பெண்ணைதான் உங்கள் ஊர் வழியாகவும் போகிறது.

ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டோடு வாருங்கள். சேர்க்கைக்கான விருப்பப் பட்டியலை மூன்று பேருமாக உட்கார்ந்து போடுவோம். அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள், ஐயா. அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.